28 நாள் பணக்காரன்

உங்கள் நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்து, "ஒரு மாசத்துக்கு உன் பணத்தை என் அக்கவுண்ட்ல போட்டு வை. தொட மாட்டேன். அப்படியே திருப்பிக் கொடுத்துடறேன்" என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்?

அவசரப்பட்டுப் பதில் சொல்ல வேண்டாம். நான் யோசிக்காமல் "சரி" சொன்னவன். அதனால்தான் இந்த வாரம் இதை எழுத வேண்டியிருக்கிறது.

2023 ஜூலை. நண்பரின் மகனுக்கு இங்கிலாந்தில் எம்.எஸ்ஸி. படிக்க இடம் கிடைத்திருந்தது. ஸ்வீட் பாக்ஸோடு வந்தார். காபி குடித்தோம். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். கிளம்பும்போது வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே விஷயத்துக்கு வந்தார்.

"கல்விக் கடன்ல ஃபீஸ் கட்டிடலாம். ஆனா அங்கே சாப்பிட, தங்க பணம் இருக்குன்னு விசாவுக்குக் காட்டணுமாம். லண்டனுக்கு வெளியே படிச்சா மாசம் 1,023 பவுண்ட். ஒன்பது மாசத்துக்கு 9,207. நம்ம பணத்துல ஒன்பதரை லட்சத்துக்கு மேல வருது. அது 28 நாள் அக்கவுண்ட்ல அசையாம இருக்கணும். ஒருநாள் குறைஞ்சாலும் விசா கிடையாது."

அந்தப் பணம் மாணவனின் கணக்கில் இருக்கலாம், அப்பா அம்மா கணக்கில் இருக்கலாம். மாமா, சித்தப்பா, அப்பாவின் நண்பர் கணக்கில் எவ்வளவு இருந்தாலும் செல்லாது. அதனால் என்ன செய்கிறோம்? மாமா, சித்தப்பா, நண்பர் பணத்தையெல்லாம் வாங்கி அப்பா கணக்கில் போட்டுவிடுகிறோம். 28 நாள் ஆனதும் ஸ்டேட்மென்ட் வாங்கி, விண்ணப்பம் போட்டு, விசா வந்ததும் பணம் அவரவர் வீட்டுக்குப் போய்விடும். இதற்கு நம் ஊரில் 'ஷோ மணி' என்று பெயர். காட்டுகிற பணம்.

நான் 2 லட்சம் கொடுத்தேன். இன்னும் நான்கு பேர் கொடுத்தார்கள். செப்டம்பர் முதல் வாரம் என் 2 லட்சம் பைசா குறையாமல் திரும்பி வந்தது. பையன் ஏர்போர்ட்டில் காலில் விழுந்து கும்பிட்டான். எனக்கும் ஏதோ ஒரு பிள்ளையைப் படிக்க வைத்த பெருமை. ஒரு ரூபாய்கூடச் செலவில்லாமல் கிடைத்த பெருமை!

அங்கே போனதும் பையனுக்கு முதல் வேலை, வங்கிக் கணக்கு. வீட்டுக்காரர் வாடகையை வங்கி மூலம்தான் வாங்குவார். வங்கியோ, "நீ எங்கே தங்கியிருக்கிறாய்? முகவரிக்கு அத்தாட்சி கொடு" என்று கேட்கும். கோழியா, முட்டையா கதை. கடைசியில் பல்கலைக்கழகம்தான் காப்பாற்றியது. "இவர் எங்கள் மாணவர், இந்த முகவரியில் இருக்கிறார்" என்று வங்கிக்கு ஒரு கடிதம் கொடுத்தது. பாஸ்போர்ட், விசா அட்டை, அந்தக் கடிதம் மூன்றையும் எடுத்துக்கொண்டு போய், மூன்று வாரம் காத்திருந்து, கணக்கு திறந்தான். அதுவரை இங்கிருந்து கொண்டுபோன ஃபோரெக்ஸ் கார்டைத் தேய்த்துத் தேய்த்து ஓட்டினான்.

கார்டு தபாலில் வந்த அன்று போட்டோ அனுப்பினான். நம்பர் மீது விரலை வைத்து மறைத்திருந்தான், கெட்டிக்காரன். பெயர் மட்டும் தெரிந்தது. அவன் தாத்தா பெயரும் அவன் பெயருமாக, ஒரு வெளிநாட்டு வங்கி அட்டையில். அவன் அப்பா அதை எல்லோருக்கும் ஃபார்வர்ட் செய்தார்.

அந்த ஊர் மாணவர்களுக்கு வங்கிகள் வட்டியில்லாத ஓவர்டிராஃப்ட் தருவதுண்டு. கணக்கில் பணம் தீர்ந்தாலும் கொஞ்ச நாள் தாங்கும். வெளிநாட்டு மாணவர்களுக்குப் பொதுவாக அந்த வசதி கிடையாது. இருந்தால் இருக்கு, இல்லையென்றால் இல்லை. கல்லூரி நடக்கிற நாட்களில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்க்கவும் விசா அனுமதிக்காது. பையன் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கினான். மணிக்கு 10.42 பவுண்ட். கிறிஸ்துமஸ் சீஸன் முடிந்ததும் அந்த வேலையும் வாரத்தில் ஒருநாள் ஆகிவிட்டது.

2024 பிப்ரவரி. ஒரு ராத்திரி பதினோரு மணிக்கு வாட்ஸ்அப்பில் கூப்பிட்டான்.

"அங்கிள், ஒரு டவுட். அப்பாகிட்ட சொல்லிடாதீங்க."

அவன் தங்கியிருந்த வீட்டில் ஒரு சீனியர். நம் ஊர்ப் பையன்தான். "உன் அக்கவுண்ட்ல 1,800 பவுண்ட் வரும். 80 பவுண்டை நீ எடுத்துக்கோ. மீதியை நான் சொல்ற அக்கவுண்டுக்கு அனுப்பிடு. ரெண்டே நாள் வேலை" என்று சொல்லியிருக்கிறான். 80 பவுண்ட் என்றால் கிடங்கில் கிட்டத்தட்ட எட்டு மணி நேரம் பெட்டி அடுக்க வேண்டும்.

"வேண்டவே வேண்டாம்" என்றேன்.

"ஏன் அங்கிள்?"

"தப்புப்பா. யார் பணமோ, எங்கேருந்து வருதோ. உன் பேர்ல எதுக்கு வரணும்?"

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்தேன். பிறகு, சண்டை போடுகிற குரலில் இல்லை, நிஜமாகவே புரியாமல் கேட்கிற குரலில் கேட்டான்.

"அங்கிள், அப்போ உங்க ரெண்டு லட்சம் 28 நாள் அப்பா பேர்ல இருந்துச்சே. அது எங்க பணம் இல்லை. எங்க பணம்னு காட்டினோம். நீங்க எல்லாரும் சேர்ந்துதானே சரின்னீங்க? இப்போ வேற ஒருத்தர் பணம் ரெண்டு நாள் என் பேர்ல இருக்கப் போகுது. இது மட்டும் எப்படித் தப்பு?"

நீங்களாக இருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பீர்கள்?

எனக்கு அன்று பதில் வரவில்லை. "அதெல்லாம் அப்புறம் பேசலாம், இதைச் செய்யாதே" என்று பெரியவர்களுக்கே உரிய பதிலைச் சொல்லி வைத்துவிட்டேன். அதன்பிறகு பல நாள் அந்தக் கேள்வி என்னோடு ஆபீசுக்கு வந்தது, பஸ்ஸில் வந்தது, படுக்கைக்கும் வந்தது.

முதலில் சுலபமான பதில், சட்டம். இப்படிக் கணக்கைக் கொடுப்பவனுக்கு அங்கே 'மணி மியூல்' என்று பெயர். பணம் சுமக்கும் கோவேறு கழுதை. முதுகில் ஏற்றியிருப்பது என்ன என்று கழுதைக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. யாரோ ஒரு வயதான அம்மாவை போனில் ஏமாற்றிப் பறித்த பணம் இவன் கணக்கில் இறங்கும். இங்கிருந்து இன்னொரு கணக்கு, அங்கிருந்து இன்னொன்று. நான்கு கை மாறினால் தடம் அழிந்துவிடும். போலீஸ் தேடிக்கொண்டு வரும்போது முதலில் கிடைப்பது கழுதைதான். ஏனென்றால் அதற்குத்தான் பெயர், முகவரி, பல்கலைக்கழகக் கடிதம் எல்லாம் இருக்கிறது.

பிரிட்டனின் 2002-ம் ஆண்டுச் சட்டப்படி இதற்கு அதிகபட்சம் 14 ஆண்டு சிறை. அந்த அளவுக்குப் போகாவிட்டாலும் வங்கி கணக்கை மூடிவிடும், பல சமயம் காரணம்கூடச் சொல்லாது. மோசடித் தடுப்புக்காக வங்கிகள் பார்க்கும் 'சிஃபாஸ்' பதிவேட்டில் பெயர் ஏறிவிட்டால் 6 ஆண்டு வரை அழியாது. அந்தப் பெயரோடு இன்னொரு வங்கியில் கணக்கு திறப்பதும், கடன் வாங்குவதும், மாதத் தவணையில் செல்போன் வாங்குவதும்கூடக் கஷ்டம். கணக்கு இல்லாவிட்டால் சம்பளம் எதில் வரும்? இன்னொன்று. ஏமாந்தவர்களுக்குப் பணத்தை ஈடுகட்ட வேண்டும் என்று 2024 அக்டோபரில் அங்கே விதி வந்தது. அதில் பாதியைப் பணம் போய்ச் சேர்ந்த வங்கி தர வேண்டும். தன் பையிலிருந்து போகிறது என்றால் எந்த வங்கிதான் கண்ணை மூடிக்கொண்டிருக்கும்?

நம் ஊரிலும் இதே கதைதான். 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று மிரட்டிப் பறிக்கும் பணம் போய் இறங்குவது ஏதோ ஒரு கல்லூரி மாணவனின், கூலித் தொழிலாளியின் கணக்கில். இப்படிப்பட்ட கணக்குகளைக் கண்டுபிடிக்க 'மியூல்ஹன்டர்' என்றே ஒரு மென்பொருளை ரிசர்வ் வங்கி 2024 டிசம்பரில் அறிவித்தது.

அந்தச் சட்டத்தில் ஒரு விஷயம் என்னை ரொம்பவே யோசிக்க வைத்தது. பணம் குற்றத்தில் வந்தது என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. 'சந்தேகம் இருந்தது' என்றாலே போதும். பையன் எனக்கு ஏன் போன் செய்தான்? ராத்திரி பதினோரு மணிக்கு, அப்பாவுக்குத் தெரியாமல்? அவனுக்குச் சந்தேகம் இருந்தது. அவன் முதலில் சொன்ன வார்த்தையே "டவுட்"தான். சட்டம் கேட்கிற கேள்வியை அவன் மனசு ஏற்கெனவே கேட்டுவிட்டது.

சரி, அவன் விஷயம் முடிந்தது. என் விஷயம்?

"நம்ம பணம் திருட்டுப் பணம் இல்லையே! உழைச்ச பணம்" என்றார் நண்பர், பிறகு ஒருநாள் பேச்சு வந்தபோது. உண்மைதான். பெரிய வித்தியாசம்தான். ஆனால் பையன் கேட்டது பணம் எங்கிருந்து வந்தது என்பதல்ல. யாருடைய பணம், யார் பெயரில் இருந்தது என்பது.

நண்பர் விடவில்லை. வள்ளுவரையே சாட்சிக்கு அழைத்தார். குற்றமில்லாத நன்மையைத் தருமானால் பொய்யையும் வாய்மைக்குச் சமமாக வைக்கலாம் என்று அவர் சொல்லவில்லையா? "ஒரு பையன் படிக்கப் போறான். யாருக்கு என்ன நஷ்டம்? வெள்ளைக்காரனுக்கா?"

இங்கே என் பி.காம். மூளையைக் கொஞ்சம் தட்டி எழுப்பினேன். 'பேங்கிங் லா அண்ட் பிராக்டிஸ்' என்று ஒரு பேப்பர். அதில் 1848-ம் ஆண்டு லண்டன் வழக்கு ஒன்று, ஃபோலி எதிர் ஹில். அதன் சாரம் இதுதான்: நீங்கள் வங்கியில் போட்ட பணம் போட்ட நிமிடத்திலிருந்து உங்களுடையது இல்லை. அது வங்கியின் பணம். வங்கி உங்களுக்குக் கடன்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். பரீட்சைக்கு மனப்பாடம் செய்தபோது இது என்ன வேடிக்கை என்று தோன்றியது. இப்போது புரிகிறது. கணக்கில் பணம் என்று எதுவும் இல்லை. இருப்பது ஒரு வாக்கு. 'இந்தப் பெயர் உள்ளவருக்கு இவ்வளவு தருவோம்' என்று வங்கி கொடுத்த வாக்கு. அந்த வாக்கில் எண் மாறிக்கொண்டே இருக்கும். மாறாமல் இருப்பது பெயர் மட்டும்தான்.

பெயரை வாடகைக்கு விடுவதில் நாம் பழுத்த ஆட்கள். மனைவி பெயரில் கடை, மச்சினன் பெயரில் நிலம். 'பினாமி' என்ற சொல் நம் பேச்சில் சர்வசாதாரணம். 1988-லேயே அதற்குத் தடைச் சட்டம் வந்தும் சொல் சாகவில்லை. 2016 நவம்பரில் 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்றதும், டிரைவர் கணக்கிலும் வேலைக்கார அம்மா கணக்கிலும் பணத்தைப் போடத் துடித்தவர்களைப் பார்த்தோமே. "ரெண்டு மாசம் உன் பேர்ல இருக்கட்டும், உனக்கும் ஏதாவது தரேன்." பையனிடம் அந்த சீனியர் பேசியதும் இதே வசனம்தான். நாங்கள் ஐந்து பேர் நண்பருக்காகச் செய்தது, கமிஷன் இல்லாத அதே வசனம்.

"எல்லாரும் செய்யறதுதானே" என்பீர்கள். இதை ஒருவர் முன்பே யோசித்துவிட்டார். ஜெர்மன் தத்துவஞானி இமானுவேல் கான்ட், 1785-ல் வெளியான தன் ஒழுக்கவியல் நூலில், பணமுடையில் இருக்கும் ஒரு மனிதனை உதாரணமாக எடுத்துக்கொண்டார். திருப்பித் தர முடியாது என்று தெரிந்தும் 'தருகிறேன்' என்று பொய்வாக்குக் கொடுத்துக் கடன் வாங்க நினைக்கிறான். இதை எல்லோரும் செய்தால் என்ன ஆகும் என்று கான்ட் கேட்கிறார். வாக்கு என்பதையே யாரும் நம்ப மாட்டார்கள். சிரித்துவிட்டுப் போவார்கள்.

அவருடைய மொழி பேசும் நாடு இந்தப் பாடத்தை நன்றாகப் படித்திருக்கிறது. ஜெர்மனிக்குப் படிக்கப் போகும் வெளிநாட்டு மாணவன், ஸ்காலர்ஷிப்போ அங்கே ஒருவரின் ஜாமீனோ இல்லை என்றால், பெரும்பாலும் 'ஷ்பெர்கோன்டோ' என்று ஒரு பூட்டிய கணக்கைத் திறக்க வேண்டும். 2024 செப்டம்பரில் நிர்ணயித்தபடி 11,904 யூரோவை முன்கூட்டியே அதில் போட வேண்டும். அங்கே போனபிறகு மாதம் 992 யூரோ மட்டும் கைக்கு வரும். பணத்தைக் காட்டிவிட்டு நண்பருக்குத் திருப்பித் தர முடியாது. 'உன் ஸ்டேட்மென்டை நம்ப மாட்டேன், பணத்தையே கொண்டு வா' என்கிற ஏற்பாடு.

முதலில் எனக்கு இது அவமானமாகப் பட்டது. என்ன, நம் வார்த்தைக்கு மதிப்பில்லையா என்று. பிறகு அந்த மாதம் 992 யூரோவை நினைத்துப் பார்த்தேன். அந்த மாணவனுக்கு பிப்ரவரியிலும் அது வரும். கிடங்கில் வேலை குறைந்தாலும் வரும். சீனியர் வந்து "80 தரேன்" என்று சொல்லும்போதும் அவன் கணக்கில் இருக்கும்.

அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது.

28 நாள் விதி எதற்கு? வெள்ளைக்காரன் நம்மைச் சோதிக்க வைத்த முள்வேலி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த விதியின் நோக்கம் மிகச் சாதாரணமானது. வருகிற பிள்ளை பட்டினி கிடக்கக் கூடாது. வாடகை கட்ட வழியில்லாமல் நிற்கக் கூடாது. நாங்கள் ஐந்து பேரும் சேர்ந்து, "இவன் பட்டினி கிடக்க மாட்டான்" என்று ஓர் அரசாங்கத்துக்குச் சாட்சி சொன்னோம். சாட்சி சொன்ன கையோடு பணத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டோம். பொய் சொன்னதாகத் தெரிந்தால் பத்து ஆண்டு வரை அந்த நாட்டுக்குள் நுழையவே தடை வரலாம். அந்த ஆபத்தும் எங்களுக்கு இல்லை, அவனுக்குத்தான்.

"யாருக்கு என்ன நஷ்டம்?" என்று நண்பர் கேட்டாரே, பதில் இதுதான். நஷ்டப்பட்டவன் வெள்ளைக்காரன் இல்லை. அவர் பையன். காகிதத்தில் ஒன்பதரை லட்சத்துக்கு அதிபதி. கையில் ஒரு மாத வாடகைக்கும் கொஞ்சத்துக்கும்தான் இருந்தது. 80 பவுண்டுக்காகத் தன் பெயரைக் கொடுக்கலாமா என்று யோசிக்கும் நிலைமைக்கு அவனைக் கொண்டுபோய் விட்டது அந்த சீனியர் மட்டுமில்லை. நாங்களும்தான். வள்ளுவர் பொய்க்குச் சலுகை கொடுத்தார், உண்மை. கூடவே 'குற்றமில்லாத' என்று ஒரு சொல்லையும் வைத்தாரே, அதை நாங்கள் படிக்காமல் தாண்டிவிட்டோம்.

யாருக்கும் நஷ்டமில்லாத பொய் என்று நாம் சொல்வதெல்லாம் பெரும்பாலும், நஷ்டப்படுகிறவர் இன்னும் நம் கண்ணில் படவில்லை என்பதுதான். சீனியரின் 1,800 பவுண்டுக்குப் பின்னால் எந்த ஊரிலோ ஓர் அம்மா இருந்திருப்பார். என் 2 லட்சத்துக்குப் பின்னால், எங்கள் வீட்டில் காபி குடித்துவிட்டுப் போன ஒரு பையன் இருந்தான்.

ஒரு வாரம் கழித்து நானே அவனைக் கூப்பிட்டேன். "நீ கேட்ட கேள்விக்குப் பதில் சொல்றேன். ரெண்டும் ஒரே அளவு தப்பு இல்லை. ஆனா ரெண்டும் தப்புதான். முதல் தப்பு எங்களோடது. அதைக் காட்டி ரெண்டாவதை நீ செய்யாதே" என்றேன்.

"செய்யலை அங்கிள். அன்னிக்கே முடியாதுன்னு சொல்லிட்டேன்" என்றான்.

"நான் சொன்னதுக்காகவா?"

"இல்லை. கார்டுல தாத்தா பேரும் இருக்குல்ல. அதான்."

எனக்கு 1848-ம் ஆண்டு வழக்கு தேவைப்பட்டது. கான்ட் தேவைப்பட்டார். அவனுக்குத் தாத்தா பெயர் போதுமாக இருந்தது. அந்த மாதம் அவனுக்குக் கொஞ்சம் பணம் அனுப்பினேன். இந்தத் தடவை காட்டுவதற்கு இல்லை, செலவுக்கு. 2024 கடைசியில் படிப்பை முடித்தான். பணத்தைத் திருப்பித் தருகிறான், தவணையில். நிஜமான கடன் என்றால் அப்படித்தான், ஸ்டேட்மென்டில் அழகாக இருக்காது.

சமீபத்தில் இன்னொரு நண்பர் போன் செய்தார். அவர் மகளுக்கு அங்கே இடம் கிடைத்திருக்கிறது. 2025 நவம்பரிலிருந்து அந்த மாதத் தொகை 1,171 பவுண்டாக ஏறிவிட்டது. ஒன்பது மாதத்துக்கு 10,539. "உன்னால ஒரு 3 லட்சம், 28 நாளைக்கு மட்டும்..." என்றார்.

"28 நாளைக்கு என்கிட்ட இல்லை. ரெண்டு வருஷத்துக்கு 50 ஆயிரம் தரேன். பொண்ணு கையில கொடு, செலவு பண்ணட்டும்" என்றேன்.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. நியாயமான கோபம். 50 ஆயிரம் அவர் பிரச்னையைத் தீர்க்காது. 3 லட்சம் தீர்த்திருக்கும், அதுவும் எனக்கு ஒரு செலவும் இல்லாமல். ஒரு பெண்ணின் படிப்பைக் கெடுத்தவன் என்று அவர் வீட்டில் என்னைப் பேசிக்கொண்டிருக்கலாம். நான் செய்தது சரிதானா என்று ராத்திரியில் எனக்கே சந்தேகம் வருகிறது. நானும் அந்தக் காலத்தில் ஒரு படிவத்தில் அப்பாவின் வருமானத்தைக் குறைத்து எழுதித்தான் உதவித்தொகை வாங்கினேன்.

ஆனால் ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிகிறது. நாம் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பும்போது சூட்கேஸில் ஊறுகாய் வைக்கிறோம், பருப்புப் பொடி வைக்கிறோம், சாமி படம் வைக்கிறோம். 'யார் பணமாக இருந்தாலும் நம் பேரில் காட்டிக்கொள்ளலாம்' என்ற பாடத்தையும் நாமே மடித்து வைத்து அனுப்புகிறோம். அங்கே போய் அதை அவர்கள் பிரித்துப் பார்க்கும்போது, நாம் பக்கத்தில் இருக்க மாட்டோம்.